உடற்குறையோடு கைவேலை தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கை மட்டும் ஒத்துழைப்பவர், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், கை நடுங்குபவர், பார்வை மங்கியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், சீக்கிரம் களைத்துப்போகிறவர். உடல்நிலை வேறு வேறாக இருந்தாலும் கைவேலை கற்கத் தொடங்கும்போது இவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். முதலில் பொருள் வாங்குகிறார்கள். அப்புறம் எங்கே வைத்துச் செய்வது என்று யோசிக்கிறார்கள். தோள் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனிக்கிறார்கள்.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் உடல். அடுத்து இருக்கையும் மேசையும். அதன் பிறகு செய்யும் பொருளை அசையாமல் நிறுத்துவது, கருவியின் பிடியை மாற்றுவது. எந்தக் கலை என்ற தேர்வு இதற்கெல்லாம் பிறகு. “என் கை சரியில்லை” என்று விட்டுவிட்டுப் போன பலருக்கு, உண்மையில் மேசைதான் சரியில்லாமல் இருந்தது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: அளவு நாடா, ஒட்டிவிட்டு எளிதாகப் பிரிக்கக்கூடிய காகித டேப், வழுக்காத ரப்பர் விரிப்பு, மேசையில் முடுக்கும் கிளாம்ப் இரண்டு, கொஞ்சம் வெல்க்ரோ பட்டை, நேரம் சொல்லும் டைமர். நூல், வண்ணம், களிமண் எதுவும் இப்போது வாங்க வேண்டாம்.

1. ஒரு வாரம் உடலைக் கவனித்துக் குறியுங்கள்

ஒரு நோட்டில் எழுதுங்கள்; எழுத முடியாவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

உடல் ஒத்துழைக்கும் நேரம் எது? முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் விரல் மூட்டுகள் இறுகிக் கிடக்கும்; போகப் போகத்தான் இளகும். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு மருந்து வேலை செய்யும் நேரம் ஒன்று, அதன் பலன் வடியும் நேரம் ஒன்று என்று நாளே பிரிந்திருக்கும். கைவேலைக்கு இந்தக் கணக்கை வைத்து நேரம் குறியுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் உங்கள் கைக்கு மோசமான நேரமாக இருக்கலாம்.

எந்த அசைவு முடிகிறது? “இடது கை வேலை செய்யாது” என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். விரல் நுனியால் கிள்ளிப் பிடிப்பது, முழுக் கையால் பற்றுவது, மணிக்கட்டைத் திருப்புவது, அழுத்துவது, இழுப்பது, பிடித்ததை விடுவது எல்லாம் தனித்தனி அசைவுகள். கிள்ள முடியாத கைக்குப் பற்ற முடியலாம். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குப் பிடிக்க வரும், விடத்தான் வராது. எதுவுமே வராத கையைக்கூட மேசைமேல் தூக்கி வைத்தால் அது காகிதத்தை அழுத்திக்கொண்டிருக்கும். கைவேலையில் அது பெரிய உதவி.

களைப்பு எப்போது தொடங்குகிறது? முழுக்க ஓய்ந்துபோகும் நேரம் இதற்கு உதவாது. முதல் அறிகுறியைக் குறியுங்கள்: தோள் காதை நோக்கி ஏறுவது, பேச்சு குறைவது, ஒரே வரியை இரண்டு முறை படிப்பது.

தோலில் உணர்ச்சி குறைந்த இடம் எது? சூடு, கூர் எதுவும் தெரியாத இடங்களை இப்போதே தெரிந்துவைத்தால் பின்னால் தேவைப்படும்.

அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்க வாய்ப்பிருந்தால், இந்தக் குறிப்போடு போங்கள். “எனக்கு என்ன கைவேலை சரிவரும்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “பற்ற முடிகிறது, கிள்ள முடியவில்லை, எம்ப்ராய்டரி செய்ய ஆசை” என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி போகும்.

2. இருக்கையையும் மேசையையும் சரிசெய்யுங்கள்

இடுப்பு நிலையாக இல்லாவிட்டால் தோள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும். தோள் இறுகினால் விரலுக்கு நுணுக்கம் போய்விடும். அதனால் கையிலிருந்து தொடங்காமல் பாதத்திலிருந்து தொடங்குங்கள்.

பாதம் இரண்டும் தரையிலோ கால்பலகையிலோ முழுதாகப் படிய வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். முழங்கை மேசையில் தாங்கும்போது தோள் தளர்ந்திருந்தால் மேசை உயரம் சரி. தோள் மேலே ஏறினால் மேசை அதிக உயரம். குனிய வேண்டியிருந்தால் தாழ்வு.

சக்கர நாற்காலி மேசைக்கு அடியில் நுழைய, முழங்காலுக்குச் சுமார் 70 செ.மீ. உயர இடைவெளி பொதுவாகத் தேவைப்படும். நாற்காலிக்கு நாற்காலி இது மாறும். கைப்பிடியின் உயரத்தையும் சேர்த்து உங்கள் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் மேசைப் பலகையின் மேற்பரப்பை அளந்துவிட்டு அடியில் ஓடும் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். முழங்கால் போய் இடிப்பது அந்தச் சட்டத்தில்தான்.

உட்கார்ந்ததும் முழங்கையை உடலோடு ஒட்டிவைத்து முன்கையை மட்டும் அரைவட்டமாகச் சுழற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் எட்டுவதெல்லாம் வலியில்லாமல் எட்டும் இடம். அடிக்கடி எடுக்கும் பொருள்கள் அதற்குள் இருக்கட்டும், மற்றவை வெளியே. வட்டத்தின் விளிம்பைக் காகித டேப்பால் மேசையிலேயே ஒட்டிவிட்டால் உதவிக்கு வருபவரும் பொருள்களைத் தூரத்தில் வைக்க மாட்டார்.

படுக்கையில் இருந்து செய்பவர்கள் முதுகுப் பக்கத்தை நிமிர்த்தி, கால் ஊன்றிய தட்டு மேசை ஒன்றை மடிக்குமேல் நிறுத்தினால் போதும். தட்டைத் தொடைமேல் நேராக வைக்காதீர்கள். கால் கொஞ்சம் அசைந்தாலே வேலை கலையும்.

3. செய்யும் பொருளை அசையாமல் நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சாதாரணமாக நாம் இரண்டு கையாலும் வேலை செய்வதாக நினைக்கிறோம். கவனித்துப் பார்த்தால் ஒரு கை வேலை செய்கிறது, இன்னொரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்கும் கையின் வேலையை ஒரு கிளாம்பிடம் கொடுத்துவிடலாம். கை நடுங்குபவர்களுக்கும் பொருள் நகராமல் இருந்தால் பாதிச் சிரமம் குறையும், ஏனென்றால் நடுக்கம் அப்போது ஒரு பக்கம் மட்டும்தான்.

காகிதத்துக்கு: நான்கு மூலையிலும் டேப். இரண்டு மூலை போதும் என்று தோன்றும். தூரிகை இழுக்கும்போது மூன்றாவது மூலை தூக்கிக்கொள்ளும். தடித்த காகிதத்தை ஒரு பலகையில் ஒட்டி, பலகைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். காகிதத்தைத் திருப்ப வேண்டும் என்றால் பலகையோடு திருப்பலாம்.

துணிக்கு: எம்ப்ராய்டரி வளையத்தைக் கையில் பிடிக்காதீர்கள். மேசை விளிம்பில் கிளாம்போடு நிற்கும் வளையமோ, தொடைக்கு அடியில் செருகும் பலகையில் நிற்கும் வளையமோ வாங்குங்கள். துணிக்கு அடியில் கை போய்வர இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையத்தை மேசைமேல் படுக்கவைத்துக் கிளாம்ப் போட்டுவிட்டு, ஊசியை அடியிலிருந்து எடுக்க வழியில்லாமல் விழிப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

களிமண்ணுக்கு: வழுவழுப்பான பலகை வேண்டாம். சொரசொரப்பான மரப்பலகை, அதன் அடியில் ரப்பர் விரிப்பு. விரிப்பில் மண் துகள் படிந்தால் பிடிப்பு போய்விடும். கழுவிக் காயவைத்தால் திரும்ப வரும்.

சின்னப் பொருள்களுக்கு: மணி, பொத்தான் போன்றவை உருளாமல் இருக்க மென்மயிர் உள்ள தடித்த துணியை ஒரு தட்டில் விரித்து அதில் கொட்டுங்கள். ஊசிக்கு ஒரு காந்தத் தட்டு. வண்ணக் கிண்ணங்களை வெல்க்ரோவால் ஒரே பலகையில் ஒட்டிவிடுங்கள். பசைப் புட்டி நிற்பதற்கு, அதன் அளவில் குழி வெட்டிய தடித்த ஃபோம் துண்டு போதும்.

உயரத்தையும் சாய்வையும் மறக்காதீர்கள். மேசையில் தட்டையாகக் கிடக்கும் காகிதத்தைப் பார்க்கக் கழுத்து குனிய வேண்டும். கனமான கோப்பு ஒன்றைப் பலகைக்கு அடியில் வைத்தால் சாய்வு கிடைக்கும். பெரிய படம் என்றால் தோளை நீட்டுவதற்குப் பதில் படத்தை நகர்த்துங்கள். ஓவியர் ரெனுவார் முடக்குவாதம் முற்றிய பிறகு செய்தது இதைத்தான்: கேன்வாஸை உருளைகளில் சுற்றி, வரைய வேண்டிய பகுதியைத் தன் கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார். சுருள் காகிதம் ஒன்றும் இரண்டு அட்டைக் குழாய்களும் இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

எல்லாம் பொருத்தியதும் ஒரு சோதனை. வேலைப்பொருளை ஒரு விரலால் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளுங்கள். அசைந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. கருவியின் பிடியை மாற்றுங்கள்

மெல்லிய கைப்பிடியைப் பிடிக்க விரல்கள் முழுதாக மடங்க வேண்டும், இறுக்கவும் வேண்டும். பிடி தடிமனானால் இரண்டும் குறையும். குரோஷா ஊசி (நூல் பின்னும் கொக்கி ஊசி), தூரிகை, பென்சில் எதுவானாலும் சுமார் 3 செ.மீ. தடிமனில் இருந்து தொடங்கிப் பார்க்கலாம். குழாய்க்கு உறையாகப் போடும் ஃபோமை வெட்டிச் செருகினால் உடனே கிடைத்துவிடும். உங்கள் கை வடிவத்துக்கே வேண்டும் என்றால், பிசைந்து வைத்தால் இறுகும் மாவு போன்ற பட்டியை (putty) கைப்பிடியில் சுற்றி, இறுகும் முன் கையுறையோடு ஒரு முறை பிடித்து அச்சு எடுங்கள். சிறிய கைகளுக்குத் தடிமன் கூடினால் பிடியே நிற்காது. அதனால் முதலில் துணியைச் சுற்றிச் சோதித்துவிட்டு நிரந்தரமாக மாற்றுங்கள்.

எடை விஷயத்தில் ஒரே ஆலோசனை எல்லாருக்கும் பொருந்தாது. மூட்டுவலி இருப்பவர்களுக்கு லேசான கருவி நல்லது. கை நடுங்குபவர்களில் சிலருக்குக் கனமான கருவி நடுக்கத்தை அடக்கும், சிலருக்குக் களைப்பை மட்டுமே தரும். கனமான பேனா வாங்கும் முன் இருக்கிற பேனாவில் இரண்டு நாணயத்தை டேப்பால் ஒட்டிப் பாருங்கள். எடையைவிட முன்கையை மேசையில் முழுதாகத் தாங்கவிடுவது பெரும்பாலும் அதிகப் பலன் தரும்.

விரல்களால் பிடிக்கவே முடியாது என்றால் கருவியைக் கையோடு கட்டிவிடலாம். உள்ளங்கையைச் சுற்றிப் போடும் பட்டை, அதில் கருவியைச் செருக ஒரு பை: இவ்வளவுதான். தைக்கத் தெரிந்த யாரும் வெல்க்ரோவில் செய்து தருவார். ஓவியர் சக் குளோஸ் 1988இல் முதுகுத்தண்டு பாதிப்பால் உடல் செயலிழந்த பிறகு, கையில் கட்டிய பொருத்தியில் தூரிகையைச் செருகித்தான் ஆளுயரத்தையும் மிஞ்சிய முகப்படங்களை வரைந்தார். பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவந்து, கழற்றிய பிறகும் சிவப்பு மறையாமல் இருந்தால் பட்டை இறுக்கம் என்று பொருள்.

வாயால் பிடித்து வரைபவர்கள் தூரிகையின் காம்பை அப்படியே முன்பல்லால் கடிக்கக் கூடாது. அகலமான, கழுவக்கூடிய வாய்ப்பிடி வேண்டும்; பாரம் பல்வரிசை முழுவதும் பரவ வேண்டும். பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. குச்சி குட்டையாக இருந்தால் படம் கண்ணுக்கு மிக அருகே வரும், நீளமாக இருந்தால் கழுத்து வலிக்கும். படத்தை முகத்துக்கு நேராக நிமிர்த்தி வைத்த பிறகு நீளத்தை முடிவு செய்யுங்கள்.

கத்தரிக்கோலுக்குத் தனியாகச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது, அவ்வளவு பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தானாகத் திறக்கும் ஸ்பிரிங் கத்தரிக்கோலில் அழுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை. விரல் வளையங்கள் தேவையில்லை. பற்றவே முடியாதவர்களுக்கு, பலகையில் நிற்கவைத்து மேலிருந்து அழுத்தும் வகை இருக்கிறது. வலது கை போய் இடது கைக்கு மாறியவர்கள் பழைய கத்தரிக்கோலையே இடது கையில் பிடித்து, துணி மடிந்து மடிந்து நழுவுவதைத் தங்கள் பழக்கக் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் அதுவல்ல. வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் பிரிக்கும். வெட்டும் கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

உருளும் வட்டக் கத்தி ஒரு கைக்கு வசதிதான். ஆனால் அளவுகோலைக் கிளாம்ப் போட்ட பிறகே அதைத் தொட வேண்டும். கை திடீரென்று துள்ளும் நடுக்கம் இருந்தால் அது வேண்டவே வேண்டாம்.

5. வெளிச்சம், நிறம், தொடு அடையாளம்

பார்வைக் குறை உள்ளவர்கள் பூதக்கண்ணாடியை முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன் நிற வேறுபாட்டைச் சரிசெய்யுங்கள். அடர் நிற நூலுக்கு வெள்ளைத் தட்டு, வெளிர் நூலுக்குக் கருப்புத் துணி. வெள்ளைத் துணியில் வெள்ளைத் தையல் யாருக்கும் கடினம். பளபளப்பான மேசை கண்ணைக் கூசவைக்கும். மங்கலான பரப்பு நல்லது. விளக்கு, வேலை செய்யும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் கையின் நிழலே வேலைமேல் விழும்.

இதற்குப் பிறகும் தேவைப்பட்டால் பூதக்கண்ணாடி. உருப்பெருக்கம் கூடக் கூடத் தெரியும் பரப்பு சுருங்கும், பொருளும் கண்ணாடிக்கு அருகே வர வேண்டியிருக்கும். ஊசி போய்வர இடம் வேண்டுமே. அதனால் இரு மடங்கில் தொடங்குங்கள்.

பார்வையே இல்லாதவர்களுக்கு எல்லா அடையாளமும் விரலுக்குத் தெரிய வேண்டும். வண்ணப் புட்டிகளில் ரப்பர் வளையம் போடுங்கள்: சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு என்று. படத்தின் வெளிக்கோட்டைப் பசையால் வரைந்து காயவிட்டால் மேடாக நிற்கும். பின்னலில் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு சேஃப்டி பின். நூல் கோக்க, மேல்பக்கம் பிளவு உள்ள ஊசி கிடைக்கிறது. நூலைப் பிளவில் வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். ஒரு கையால் தைப்பவர்களுக்கும் இதுவே ஊசி.

பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடதுபக்கம் கவனத்துக்கே வராது. படத்தின் வலது பாதியை மட்டும் முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். காகிதத்தின் இடது ஓரம் முழுக்கப் பளிச்சென்ற சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சிவப்பு தெரியும் வரை பார்வையை நகர்த்துவது பழகிவிடும்.

6. இப்போது கலையைத் தேர்ந்தெடுங்கள்

“எனக்கு எது பிடிக்கும்” என்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். இந்த வேலையில் திரும்பத் திரும்ப வரும் அசைவு எது? நடுவில் நிறுத்தினால் வேலை கெடுமா?

இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. குரோஷா, நெசவு, எம்ப்ராய்டரி எல்லாம் எந்த நொடியிலும் கீழே வைக்கலாம். நாளைக்கு அதே இடத்தில் காத்திருக்கும். கலந்த ரெசின் (வார்ப்புப் பிசின்) இறுகிவிடும், கரைத்த பிளாஸ்டர் இறுகிவிடும், ஈரத்தாளில் நீர்வண்ணம் காய்ந்துவிடும். வலியோ களைப்போ திடீரென்று வரும் உடலுக்கு, பொருள் அவசரப்படுத்தும் கலை ஒத்துவராது. குறைந்தபட்சம் முதல் கலையாக வேண்டாம்.

ஒரு கையால் செய்பவர்களுக்கு, துணியில் நூலைக் குத்தி வளையமாக நிறுத்தும் குத்தூசி வேலையும், கம்பளம் போன்ற முடிச்சு வேலைக்கான கொக்கியும், முளைகள் உள்ள பின்னல் சட்டமும் நல்ல தொடக்கம். மூன்றிலும் சட்டம் கிளாம்பில் நிற்கும், ஒரு கை மட்டும் ஓடும். இரண்டு ஊசிப் பின்னல்தான் வேண்டும் என்றால் ஓர் ஊசியை அக்குளில் செருகியோ மேசையில் பொருத்தியோ செய்யலாம். ஆனால் பொறுமை வேண்டும்.

பிடி பலவீனமானவர்கள் பின்னலுக்கு வளைய ஊசி எடுங்கள். இரண்டு ஊசியையும் ஒரு கம்பி இணைப்பதால் பின்னியதன் பாரம் மடியில் இறங்கும், மணிக்கட்டில் தொங்காது. களிமண் என்றால் மென்மையான காற்றில் காயும் வகை. பாலிமர் களிமண் பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் கெட்டியாக இருக்கும், அதைப் பிசைவதிலேயே கை ஓய்ந்துவிடும்.

கை நடுங்குபவர்கள் நேர்கோட்டை நம்பியிருக்கும் வேலையை விட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சால் ஒற்றுவது, ஸ்டென்சில், அச்சு முத்திரை, கிழித்த காகிதத்தை ஒட்டுவது, புள்ளி வைப்பது: இவற்றில் கை கொஞ்சம் விலகினால் அது பிழையாகத் தெரியாது.

பார்வை இல்லாதவர்களுக்கு விளிம்பு இருக்கும் வேலைகள் நல்லவை. ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுதும் இழந்த பிறகு காகிதம் வெட்டி ஒட்டுவதிலும் உருவங்கள் பிடிப்பதிலும் இறங்கினார். பென்சில் கோட்டை விரலால் படிக்க முடியாது, வெட்டிய விளிம்பைப் படிக்கலாம். தடித்த நூல் குரோஷாவும் நெசவும் இதே காரணத்தால் சரிவரும்.

கற்றல் குறைபாடோ நினைவுக் குறையோ உள்ளவர்களுக்கு ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் வேலை வேண்டும். ஒவ்வொரு படி முடிந்த நிலையிலும் ஒரு மாதிரியை நிஜமாகச் செய்து வரிசையாக வையுங்கள். தன் வேலை எந்த மாதிரியைப் போல் இருக்கிறது என்று பார்த்தாலே அடுத்தது என்ன என்று தெரியும். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்குக் கம்பளியின் குறுகுறுப்பே தாங்காது. நூலை வாங்கும் முன் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. முதல் வேலை உள்ளங்கை அளவில் இருக்கட்டும்

சால்வை, பெரிய ஓவியம், யாருக்காவது பரிசு எதுவும் இப்போது வேண்டாம். பரிசுக்குத் தேதி இருக்கும், தேதி இருந்தால் உடலைப் பிழிவீர்கள். இரண்டு மூன்று அமர்வில் முடிகிற சின்ன வேலையில்தான் எந்தப் படியில் உடல் சிக்குகிறது என்று முழுதாகத் தெரியவரும்.

குரோஷா என்றால் வழவழப்பான, பிரியாத, வெளிர் நிறத் தடித்த நூலும் 6 மி.மீ. ஊசியும். மயிர்போல் சிலிர்த்த நூல் அழகாக இருக்கும். ஆனால் தையல் கண்ணுக்கும் தெரியாது விரலுக்கும் தெரியாது, அவிழ்க்கவும் வராது.

ஒரு கையால் எம்ப்ராய்டரி செய்யும் வரிசையை விரிவாகச் சொல்கிறேன், மற்ற வேலைகளையும் இதே மாதிரிப் பிரித்துக்கொள்ளலாம்.

முந்தின நாளே ஏழெட்டு ஊசிகளில் நூல் கோத்து, ஊசி மெத்தையில் குத்திவையுங்கள். அமர்வின் நடுவில் நூல் கோப்பதுதான் அதிகம் களைக்க வைக்கும் வேலை. நூல் முன்கை நீளத்துக்குமேல் வேண்டாம். நீண்டால் சிக்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் விரிய வேண்டும். துணியை வளையத்தில் இறுக்குவதை மேசைமேல் செய்துவிட்டு, பிறகு கிளாம்பில் ஏற்றுங்கள். நூல் முனையில் முடிச்சு போட முடியாவிட்டால், சில அங்குலம் விட்டு அதைத் துணியின் பின்பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். கடைசியில் அந்த முனையைத் தையல்களுக்குள் செருகிவிடலாம். இப்போது ஊசியை மேலிருந்து நேராகக் கீழே குத்துங்கள். கையைக் கீழே கொண்டுபோய் இழுங்கள். கீழிருந்து மேலே குத்துங்கள். கையை மேலே கொண்டுவந்து இழுங்கள். ஊசியைச் சாய்த்து ஒரே ஓட்டத்தில் உள்ளே விட்டு வெளியே எடுக்கும் முறைக்குத் துணியைத் தூக்கிக்கொடுக்க இன்னொரு கை வேண்டும். அதை முயன்றுதான் பலர் கைவிடுகிறார்கள். நேர்க்குத்து மெதுவாகப் போகும். போகட்டும்.

8. களைப்புக்கு முன் நிறுத்துங்கள்

டைமரைப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். அடித்ததும் நிறுத்துங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிட்டு, மறுபடி பத்து. இப்படி ஒரு வாரம் வலியில்லாமல் போனால் ஐந்து நிமிடம் கூட்டலாம்.

நல்ல நாள்தான் ஆபத்தான நாள். உடல் லேசாக இருக்கிறதே என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். நல்ல நாளிலும் டைமர் அதே நேரத்துக்குத்தான். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சியில் சொல்லும் இரண்டு மணி நேர விதி இங்கும் உதவும்: வேலை முடித்து இரண்டு மணி நேரம் ஆகியும் வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர்கள் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை பாரத்தை மாற்ற வேண்டும். முன்னால் சாயலாம், பக்கவாட்டில் சாயலாம், நாற்காலியைப் பின்னால் சாய்க்கலாம். வேலையில் மூழ்கினால் இது மறந்தே போகும். அழுத்தப்புண் வந்தால் மாதக்கணக்கில் ஆறாது. அதற்கும் இந்த டைமர்தான்.

9. சூடு, கூர், நெடி

பசைத் துப்பாக்கியிலிருந்து வரும் பசை, தோல் வெந்துபோகும் அளவு சூடானது. உணர்ச்சி இல்லாத விரலில் ஒட்டினால் தெரியவே தெரியாது. குறைந்த வெப்ப வகை இருக்கிறது, அதுவும் சுடும். உணர்ச்சி குறைந்தவர்கள் வெள்ளைப் பசைக்கு மாறுங்கள். காய நேரமாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு அமர்வு முடிவிலும் விரல், முன்கை, மடி மூன்றையும் கண்ணால் பாருங்கள். மடியில் விழுந்த ஊசி உணர்ச்சியற்ற தொடையில் குத்தி நிற்பது நடக்கிற விஷயம். அதனால்தான் ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும்.

மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தண்ணீரில் கரையும் வண்ணத்தையும் பசையையும் மட்டும் எடுங்கள்.

10. உதவியாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

கிளாம்ப் முடுக்குவது, மூடி திறப்பது, நூல் கோப்பது, கடைசியில் துடைத்து எடுத்து வைப்பது எல்லாம் உதவியாளரின் வேலை. தையல் போடுவது, நிறம் தேர்ந்தெடுப்பது, “கோணலா இருக்கு, குடுங்க நான் சரி பண்றேன்” என்று வாங்கிக்கொள்வது அவர் வேலையல்ல. இதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள், நடுவில் சொன்னால் மனத்தாங்கல் வரும். என்ன உதவி எப்போது வேண்டும் என்பதைச் செய்கிறவர் வாயால் கேட்ட பிறகே கை நீட்டுவது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

பார்வையற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது அவர் கையை மேலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை கீழே இருக்கட்டும், அவர் கையை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். அவர் விரும்பும்போது கையை எடுக்கலாம், உங்கள் விரல் என்ன செய்கிறது என்பதையும் உணரலாம். மேலிருந்து பிடித்தால் இரண்டும் போய்விடும்.

11. பாடம் கற்கும் வழி

காது கேளாதவர்கள் வீடியோவில் எழுத்து வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையையும் வரியையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, வேகத்தை 0.75க்குக் குறைத்து, ஒவ்வொரு படிக்கும் நிறுத்திப் பாருங்கள். இடது கையால் செய்பவர்கள், வலது கைக்காரர் செய்யும் வீடியோவைப் பக்கவாட்டில் புரட்டிப் பார்த்தால் அசைவு சரியாக அமையும். நேரில் என்றால் எதிரே உட்காருங்கள். போனின் திரைவாசிப்பானை நம்பியிருப்பவர்களுக்குப் பின்னல் கட்டப்படம் பயன்படாது; வரி வரியாக எழுதிய குறிப்பைத் தேடுங்கள்.

12. ஓரிடத்தில் சிக்கினால்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். ஊசியை மாற்றி, நூலை மாற்றி, நாற்காலியையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போகும். ஒரு முறைக்கு ஒன்று, அதுவும் இந்த வழிகாட்டியின் வரிசையிலேயே.

கோடு வளைகிறதா? முதலில் உட்கார்ந்திருக்கும் விதம், அடுத்து காகிதம் அசைகிறதா என்பது, அதன் பிறகு பிடியின் தடிமன். தையல் இறுக்கமாகிறதா? பெரும்பாலும் வலியால் கை இறுகுவதால். நேரத்தைக் குறைத்துப் பாருங்கள், பிறகு ஒரு அளவு பெரிய ஊசி. நூல் அடிக்கடி சிக்குகிறதா? உருண்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையில் உருண்டால் ஒவ்வொரு இழுப்பிலும் முறுக்கிக்கொள்ளும்; உயரமான விளிம்புள்ள கிண்ணத்தில் போட்டு, வேலை செய்யும் கையின் பக்கத்தில் ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள்.

உடல்நிலை மாறிக்கொண்டே இருக்கும் நோய் என்றால் முதல் படியில் எழுதிய குறிப்பை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். அன்று சரியாக இருந்த பிடி இன்று மெல்லியதாகத் தோன்றலாம். அப்போது கலையை மாற்றும் முன் ஃபோமை மாற்றிப் பாருங்கள்.